கூட்ட மறந்த வரி

1

சி என்ற கணினி மொழியின் லூப் பற்றி ஒரு கதை வேண்டும் என்று கல்லூரி ஆண்டு மலருக்காகக் கேட்டார்கள். நான் படித்தது தமிழ் இலக்கியம். மறுத்திருக்கலாம். பழைய மலர் ஒன்றை அனுப்பினார்கள். முதல் பக்கத்தில் தாளாளர் படம். இரண்டாம் பக்கத்தில் தாளாளர் படம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் லூப் என்று மூன்றாம் பக்கத்தில் புரிந்துவிட்டது.

தொடக்கம்: 'திருச்செங்கோட்டு மலைமேல் மேகம் கவிந்திருந்த அந்தக் காலையில்'

(வேண்டாம். கணினி ஆய்வகத்தில் ஜன்னலை மூடி வைத்திருப்பார்கள். மலை தெரியாது.)

2

சி ஆய்வகத் தேர்வு. பாடம் நடத்திய ஜெர்லின் மேடம்தான் உள் தேர்வாளர். வெளித் தேர்வாளர் வேலுசாமி, நாமக்கல்காரர். மதியம் பிரியாணி என்று அவருக்குச் சொல்லியாகிவிட்டது. கடைசி மாணவன் நவீன்குமாருக்கு இதில் அரியர்; முன்பே தோற்று மறுபடி எழுதுகிறான். தேறினால் ஓசூரில் வேலை. இல்லாவிட்டால் அப்பாவின் கோழிப்பண்ணை.

(அரியரே ஒரு லூப்தான் என்று எழுதத் தோன்றியது. எழுதவில்லை. நீங்களும் நினைக்காதீர்கள்.)

ஒன்றிலிருந்து பத்துவரை அச்சிட வேண்டும். திரையில் எல்லாம் சரியாக வந்திருந்தது. வேலுசாமி குனிந்து நிரலைப் பார்த்தார். பத்து எண்ணுக்கும் பத்து வரி.

"லூப் எங்க கண்ணு?"

"அதான் பத்தும் வந்துருச்சுங்களே சார்."

"ஆயிரம் வரைக்கும் கேட்டா?"

"கொஞ்சம் நேரமாகுமுங்க."

ஜெர்லினுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால், பாடம் நடத்தியது யார் என்ற கேள்வி வரும். அடக்கிக்கொண்டாள்.

"லூப் போட்டுக் காட்டு. நான் சாப்பிடப் போகோணும்."

3

போட்டான். ஓட்டினான். திரையில் 1 வந்தது. அடுத்ததும் 1. அதற்கடுத்ததும். நிற்கவில்லை.

(குறிப்பு: i என்ற பெட்டியில் ஒன்று இருக்கிறது. அது பத்தைத் தாண்டும்வரை சுற்று என்பது கட்டளை. ஒவ்வொரு சுற்றிலும் அதில் ஒன்றைக் கூட்ட i++ என்று ஒரு வரி வேண்டும். மறந்தால் பெட்டியில் என்றைக்கும் ஒன்றுதான். எனக்கே புரிந்தது.)

"என்னங்க சார், இது பாட்டுக்குப் போகுது?"

"நீதான போகச் சொன்ன. அஞ்சு நிமிஷம் தாரேன். சரி பண்ணு."

வாய் திறந்து சொல்லிக்கொடுத்தால் ஜெர்லினுக்கு வேலை போகும். (இங்கே அவள் மனப்போராட்டம் ஒரு பத்தி இருந்தது. அவளுக்கு அவ்வளவு நேரமில்லை.) நவீன்குமார் அவளைப் பார்த்தான். ஜெர்லின் நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். உடனே இன்னொரு முறை. ஒரு கூட்டல் குறி. இன்னொரு கூட்டல் குறி. தேர்வு விதிகளில் செபத்துக்குத் தடை இல்லை.

"மேடத்துக்குப் பக்தி ஜாஸ்திங்க," என்றார் வேலுசாமி.

"ஆமாங்க சார்," என்றாள் ஜெர்லின்.

4

முதல் முடிவு: அவனுக்குப் பளிச்சென்று புரிந்தது. அவன் விரல்கள் விசைப்பலகையில்

(அவ்வளவு சூட்டிகையானவனுக்கு அரியர் ஏன்?)

இரண்டாம் முடிவு: தோற்றான். (மலரில் போடமாட்டார்கள். தேர்ச்சி விகிதம் கெடும்.)

மூன்றாவது, அவன் என்னைக் கேட்காமல் செய்தது. மேடம் தனக்காக வேண்டிக்கொள்கிறார் என்று நெகிழ்ந்துபோய்க் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டான். உதட்டில் முருகன். ஜெர்லின் பதறி மூன்றாம் முறை சிலுவை போட்டாள். (மூன்று கூட்டல் குறி சி மொழியில் செல்லாது.)

வேலுசாமி நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறார். நான் ஒரு வரி எழுதினால் பையன் கண்ணைத் திறந்துவிடுவான். ஆனால் அது நான் சொல்லிக்கொடுத்ததாகும், முறைகேடு. நிறுத்திக்கொள்கிறேன்.

உங்களை எந்த விதியும் கட்டுப்படுத்தாது. விடையும் உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் இருமித்தான் பாருங்களேன்.