பின்னால் வரும் ஒளி

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஞானசம்பந்தம் பதிவறை ஜன்னலில் உள்ளங்கையை உயர்த்தினார். அணை, பொறு என்று அர்த்தம். சவுக்குத் தோப்புக்கு நடுவே நீண்டு கிடந்த ஆன்டெனா வரிசைக்கு அருகில் எந்த இன்ஜின் ஓடினாலும், அதன் தீப்பொறி எழுப்பும் மின் இரைச்சல் வானத்தின் மெல்லிய குரலை விழுங்கிவிடும். தமிழ்நாட்டிலிருந்து இந்தத் தீவுக்கு வந்த நாள் முதல் காவலாளி ஜான்-க்ளோடுக்கு அவர் சொல்லிப் பழக்கியிருந்த முதல் பாடம் அது.

அவர் கவனித்துவந்த குவாசார், வெகுதொலைவில் ஒளிரும் விண்பொருள், உச்சிக்கு வரும் வேளை. இருப்பது ஒன்றுதான், வழியில் நிற்கும் விண்மீன் மண்டலம் அதன் ஒளியை வளைத்து இரண்டாகக் காட்டுகிறது என்று அகச்சிவப்புத் தொலைநோக்கியில் பார்த்த வெளிநாட்டு நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். ஒன்று முந்தி வரும். மற்றது சுற்றிக்கொண்டு மாதங்கள் கழித்து வரும். முந்தியது சில நாட்களாகப் பிரகாசம் கூடிப் பொங்கிக்கொண்டிருந்தது.

ஜான்-க்ளோட் ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, வந்தவன் தோளில் கை வைத்து நின்றான். உள்ளே பதிவுக் கருவியின் பேனா காகிதத்தில் அழகான மேடு வரைந்து இறங்கியது. ஞானசம்பந்தம் முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கையசைத்தார். ஜான்-க்ளோடை ஏற்றிக்கொண்டு வண்டி பறந்தது.

வந்தவன் ஜவுளி ஆலையில் வேலை பார்க்கும் ஜான்-க்ளோடின் தம்பி மொரிஸ் என்பதும், அப்பாவுக்கு மூச்சுத் திணறுகிறது என்று கூப்பிட வந்தான் என்பதும் மாலையில்தான் தெரிந்தது. அவர்கள் அப்பாவைச் சேர்த்திருந்த ஃப்ளாக் ஊர் ஆஸ்பத்திரியை எட்டுவதற்குச் சற்று முன்பு எல்லாம் முடிந்திருந்தது.

"ஜான்-க்ளோட் உள்ள வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் மனைவியிடம்.

"நீங்க கை காட்டினா யாரும் அசையக்கூடாதுன்னு பழக்கினது யாரு?" என்றாள் ரமாமணி. "போயிட்டு வாங்க. திட்டினா வாங்கிக்கோங்க."

துக்க வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில், ஊர் வழக்கப்படி இரவு விழித்திருக்க, ஆண்கள் டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். "மிஸ்யே வந்தாச்சு, எல்லாரும் மூச்ச அணைங்க!" என்றான் மொரிஸ், தீவின் கிரியோல் மொழியில்; மிஸ்யே என்றால் ஐயா. யாரும் சிரிக்கவில்லை.

"வாய மூடுடா." ஜான்-க்ளோட் தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். பிறகு எல்லோரிடமும் சொன்னான்: "அந்த நேரத்த விட்டா வானத்துலேர்ந்து வர்ற அந்த ஒளி ஆயுசுக்கும் திரும்பாது. அதான் மிஸ்யே நிறுத்தினாரு. அப்பாகிட்ட கேட்டிருந்தாலும் நில்லுன்னுதான் சொல்லியிருப்பாரு."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தலையசைத்தால் போதும். அந்தப் பிள்ளை தன் துக்கத்தை முழுக்க அந்த ஒரு நம்பிக்கையின் மேல் சாய்த்து வைத்திருக்கிறான். அதை உருவுவது பாவம் இல்லையா? ஆனால் தலையசைப்பது அவனுக்காகவா, தனக்காகவா? ஞானசம்பந்தம் நாற்காலியில் உட்காரவில்லை.

"இல்ல, ஜான்-க்ளோட்" என்றார் தன் அரைகுறைக் கிரியோலில். "அது திரும்ப வரும். சில மாசம் கழிச்சு, இன்னொரு வழியா. அந்தப் பதிவ விட்டிருக்கலாம். என்ன விஷயம்னு உன்னக் கேட்டிருக்கணும். நான் கேக்கல."

 தேநீர்த் தட்டோடு வந்த அவர்கள் தங்கை பியெரெட் அப்படியே நின்றாள்.  ஜான்-க்ளோட் தட்டிலிருந்து ஒரு கோப்பையைச் சாசரோடு எடுத்து அவரிடம் நீட்டினான். தேநீர் விளிம்பு தாண்டிச் சிந்தியது. அவர் இரண்டு கைகளாலும் அதைத் தாங்கினார். அவன் விடவில்லை. இருவர் கையிலும் இருந்த சாசர் கலகலவென்று ஆடிக்கொண்டிருந்தது.