இந்த ஒரு ராத்திரி பொறு

புருஷன் துபாயிலோ மஸ்கட்டிலோ இருந்தால் ஒரு மாதிரி மனசைத் தேற்றிக்கொள்ளலாம். மகிமாவின் புருஷன் மனோகரன் இருந்ததோ, ராயபுரத்து மொட்டைமாடியில் ஏறினால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். காசிமேட்டுக்கு எதிரே கடலில் நிற்கிற ஒரு துருப்பிடித்த சரக்குக் கப்பலில் அவனுக்கு எஞ்சின் வேலை. வானம் தெளிவாக இருந்தால் மேல்தட்டில் காயப்போட்ட துணி ஆடுவதுகூடத் தெரியும். வீட்டுக்குத்தான் வர முடியாது.

கப்பல் முதலாளி எந்த ஊர்க்காரனோ, வழக்கில் மாட்டிக்கொண்டு கையை விரித்துவிட்டான். கோர்ட்டு கப்பலை அங்கேயே நிறுத்தி வைத்தது. வழக்கு முடிகிறவரை கப்பலில் ஆள் இருந்தாக வேண்டுமாம், மாற்று ஆள் வராமல் ஒருத்தரும் இறங்கக் கூடாதாம். மாற்று ஆளை யார் அனுப்ப வேண்டும்? முதலாளி. முதலாளி எங்கே? ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்! ஈஸ்டர் போயிற்று, சர்ச்சில் அறுப்பின் பண்டிகையும் போயிற்று. கப்பலில் டீசல் தீர்ந்து, மிஞ்சியிருந்த ஐந்து பேரும் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு கிடந்தார்கள்.

மகிமா லேசில் அழுகிற ரகம் இல்லை. சபையில் புதன்கிழமை வீட்டு ஜெபத்தை நடத்துகிறவளே அவள்தான். யார் வீட்டில் என்ன இடி விழுந்தாலும் எதிரே போய் உட்காருவாள். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற மாதிரி மெல்ல இறக்குவாள். "பொறு. கர்த்தர் பாத்துகினு கீறாரு" என்பாள். அந்தக் கை இறங்கினால் எப்பேர்ப்பட்ட அழுகையும் நிற்கும் என்று சபையில் பேச்சு. மனோகரனுக்கு அது ஒரு கிண்டல். வீட்டில் இருந்த காலத்தில், கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோயிற்று, போய் வாங்கிவா என்று அவள் கத்தினால், அதே மாதிரி கையை இறக்கிக் காட்டி, "பொறு, கர்த்தர் பாத்துகினு கீறாரு" என்பான். அவள் கரண்டியைத் தூக்குவாள்.

இத்தனை மாதமும், மீன்பிடி போட்டுக்காரர்கள் சார்ஜ் போட்டுக் கொடுத்த போனில், அவனுக்கும் அதையேதான் சொல்லிவந்தாள். பக்கத்து வீட்டு நீலாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "எங்க ஆத்தாவுக்குக் கூழு ஊத்தினா மறுநாளே மழை கொட்டுது. உங்க சாமிக்கு இன்னாக்கா இவ்ளோ லேட்டு?" என்று கேட்பாள். மகிமா சிரித்துவிடுவாள். உள்ளே சிரிப்பு வராது.

கார்த்திகை பிறந்ததும் புயல் என்றார்கள். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது. வெளியே நின்ற கப்பல்களெல்லாம் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஆழ்கடலுக்கு ஓடிவிட்டன. சாயங்காலம் மகிமா மாடியேறிப் பார்த்தபோது அந்தக் கடலில் ஒரே ஒரு கப்பல்தான் நின்றது. டீசல் இல்லாத கப்பல் எங்கே ஓடும்?

அப்போதுதான் போன் வந்தது.

"மகி, நம்ப நீலா புருஷன் நிலவன் போட்டைக் கொண்டாந்து கீழ நிறுத்திகீறான். நூலேணி போட்டா எறங்கிடலாம். வரட்டா?"

"மத்தவங்க?"

"நான் எறங்கினா மத்த மூணு பேரும் கூடவே எறங்கிடுவாங்க. சுடலைராஜ் அண்ணன்தான்..." சுடலைராஜ் கப்பலில் சமையல்காரர், வயசானவர். "அவருக்கு முட்டி மடங்காது. ஏணில கால வைக்க முடியாது."

"ஹார்பர் ஆபீஸ்ல இன்னா சொல்றாங்க?"

"காலைல இழுவைக் கப்பல் வந்து அஞ்சு பேரையும் எறக்கிடுமாம். நீ சொல்லு மகி. நீ வான்னா இப்பவே வந்துடறேன்."

வா, வா என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசை. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் வேறு சொன்னது. "முடியாத மனுசன தனியா வுட்டுட்டா வருவ? இந்த ஒரு ராத்திரி பொறுய்யா. கர்த்தர் பாத்துகினு கீறாரு." பார்க்க ஆள் இல்லாத மாடியில் அவள் கை தானாக இறங்கியது.

"சரிமே. நீ சொன்னா சரிதான்" என்றான்.

விஷயம் தெரிந்து நீலா ஓடிவந்தாள். "இன்னாக்கா பண்ணிட்ட! ஏணியப் புடிச்சிகினு நின்னாராமே! எங்க வூட்டு ஆளு தலைல அடிச்சிகினு வந்துகீது!"

மகிமா நல்லதைத்தான் சொன்னாள். போதகரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் புயல் காலைவரை பொறுக்கவில்லை. விடிகிறதற்குள் வந்து ஊரையே புரட்டியது. இழுவைக் கப்பல் கிளம்பவே இல்லை. மனோகரனின் போன் அணைந்துவிட்டது. மகிமா ஜெபிக்க முழங்கால் போட்டாள். வாயைத் திறந்தால் பொறு என்கிற சொல்தான் வந்தது. அதைக் கேட்க அவளுக்கே பயமாக இருந்தது.

பொழுது விடிந்ததும் நிலவன் வந்து கதவைத் தட்டினான். "அக்கா, நங்கூரம் அறுந்து, கப்பல் திருவொத்தியூர் கரைல கொட்டிகீற கல்லு மேல வந்து மாட்டிகினு கீது. ஆளுங்க உசுரோட கீறாங்க. வா, ஓடியா."

கரையில் ஊரே நின்றது. போலீஸ் கயிறு கட்டியிருந்தது. கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்து, நடுவில் விரிசல் விட்டு, ஒவ்வொரு அலைக்கும் முனகியது. பின்பக்கத்து உச்சியில் ஐந்து உருவங்கள். நீலச் சட்டை மனோகரன். இத்தனை மாதத்தில் அவனை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை.

"நிலவா, போட்டை எறக்கு. உன் கால்ல வுழறேன்."

"இந்த அலைல போட்டு தீப்பெட்டிக்கா. ஹெலிகாப்டர் வருதாம். காத்து அடங்கினாதான் கெளம்புமாம்."

சபைப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி அவள் முதுகைத் தடவி, "பொறு மகிமா" என்றாள். 

"அந்தப் பேச்சப் பேசாத!" என்று மகிமா அவள் கையைத் தட்டிவிட்டாள். பிறகு கயிற்றில் வயிறு அழுந்தச் சாய்ந்து, இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினாள். "வந்துடுய்யா! குதிச்சி வந்துடுய்யா! நான் சொல்றேன், வாய்யா!" நேற்றுச் சொல்லியிருக்க வேண்டியதை அவள் தொண்டை கிழியச் சொன்னாள். காற்று அதை ஊர்ப்பக்கமே திருப்பிக் கொண்டுவந்து போட்டது.

மனோகரன் சுடலைராஜைக் கம்பியோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்து நிமிர்ந்தவன் கரையைப் பார்த்தான். கூட்டத்தில் ஆடுகிற கைகளை வைத்து அவளைக் கண்டுபிடித்துவிட்டான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை உயர்த்தினான். உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பி, மெல்ல இறக்கினான். அலை வந்து மூடியது. அலை விலகியதும் இன்னொரு தரம் இறக்கினான்.

கிண்டலா, நிஜமா என்று அவ்வளவு தூரத்தில் அவளுக்குத் தெரியவில்லை. பதில் சொல்ல அவளும் கையைத் தூக்கினாள். அதை இறக்க அவளுக்கு வரவில்லை.