பதினோரு நிமிட அப்பா

மார்ச் 11, செவ்வாய். நேற்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். அப்பாவின் எபிசோடை போனஸ் ஃபோல்டரில் போட்டுவிட்டேன்.

இதை எழுதிவிட்டு ஜெசிந்தா பேனாவை மூடினாள். பிறகு திறந்து ‘சிறு’ என்ற சொல்லை அடித்தாள். அடித்தது அதிகப்படியோ என்று தோன்றியது. மறுபடி அதற்கு மேலேயே எழுதினாள்.

பரணில் அப்பா இருமினார். உடனே நான்கைந்து பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. போனஸில் இருமினால் அப்படித்தான்.

அந்த அடுக்ககத்தில் எல்லோருடைய நாட்களும் டிவிக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பெட்டியில் பதிவாகின்றன. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு. பெயர் வைத்து, எண் போட்டு, அடுக்கி வைப்பது வீட்டில் கடைசியாகப் பிறந்தவரின் வேலை. ஜெசிந்தா அதை ஒழுங்காகவே செய்துவந்தாள். எபிசோடெல்லாம் சீசன் ஃபோல்டருக்குப் போகும். வசனம் குளறியது, வெட்டிய காட்சி, பேட்டி இவையெல்லாம் போனஸ் ஃபோல்டருக்கு. சீசனில் இருப்பவர்கள் வீட்டில் நடமாடுவார்கள். ஓர் எபிசோடு போனஸுக்குப் போனால் அதற்குரிய ஆளும் கூடவே பரணுக்குப் போய்விடுவார். அதிகப்படிச் சாமான்கள் இருக்க வேண்டிய இடம் அதுதானே.

தவறு நீளத்தால் வந்தது. அவள் மாலை வகுப்பில் நூலகப் பட்டியலாக்கம் படிக்கிறாள். எதற்கும் ஒரு விதி வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். அவளும் ஒரு விதி எழுதிக்கொண்டாள். இருபது நிமிடத்துக்குக் குறைவானது எபிசோடு ஆகாது. போன வியாழக்கிழமை அப்பாவுக்குப் பதினோரு நிமிடம்தான் வந்திருந்தது. பேச்சில்லாத நேரத்தைப் பெட்டி சேமிப்பதில்லை. இடம் வீணாகும்.

அன்று அப்பா ஜவுளிக்கடையிலிருந்து மத்தியானமே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, படுக்கப் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டுத் தணிகாசலம் சார் நின்றிருந்தார். அவர் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். வீடு வீடாகப் போய்ப் பெட்டிகளைச் சரிபார்ப்பவர். உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார். அவருடைய பாதங்கள் பச்சையாக ஒளிர ஆரம்பித்தன.

“ஆரம்பிச்சாச்சு. உச்சந்தலை வரைக்கும் ஏறினதும் முடிஞ்சிடும். அப்புறம் போனஸ்ல இருக்கிறதையெல்லாம் அழிச்சிடுவேன். சங்கத்துல இடம் பத்தல பாப்பா” என்றார்.

“சார், ஒருத்தரைத் தப்பா வச்சுட்டேன்.”

“யாரை?”

“அப்பாவை.”

“லூர்துவையா? தங்கமான மனுஷனாச்சே. சீசன்லயே வச்சிருக்கலாமே.”

“இப்ப மாத்திடட்டுமா சார்?”

“தாராளமா. இருபது நிமிஷம் இருக்கா?”

“பதினொன்னுதான் இருக்கு.”

“அப்ப மாத்த முடியாது.” பச்சை கணுக்காலைத் தாண்டியது. “பெட்டியில இருக்கிற இந்த இருபது நிமிஷக் கணக்கு யாரு போட்டது?”

“நான்தான் சார்.”

“அருமையான கணக்கு. எல்லாருக்கும் இதையே போட்டுடறேன்.”

ஜெசிந்தாவுக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. பிறகு பரணைப் பார்த்தாள். அம்மா சமையலறையிலிருந்து மோர் கொண்டுவந்து வைத்தாள். “மோர்” என்றாள். உள்ளே போய்விட்டாள். தணிகாசலம் சார் ஒரே மடக்கில் குடித்தார். பச்சை சரசரவென்று முழங்காலுக்கு ஏறியது. அம்மா மோரை இவ்வளவு நீர்க்கக் கரைத்திருக்க வேண்டாம் என்று ஜெசிந்தா நினைத்தாள்.

“சார், எபிசோடுல இன்னும் கொஞ்சம் சேர்த்தா?”

“சேர்த்துக்கோ. நெசமா பேசினதா இருக்கணும். சும்மா இழுத்தா எனக்குத் தொடையில தெரிஞ்சிடும்.”

ஏணியை எடுத்துவந்து சாத்தினாள். கை நீட்டினால் எட்டுகிற பரண்தான். ஆனால் ஒரு படி ஏறினால் மேலே ஒரு படி கூடியது. அவள் நிதானமாக ஏறினாள். மின்விசிறி காலடியில் சின்னதாகிச் சுற்றியது. தான் தப்பான ஏணியில் ஏறுகிறோமோ என்று சந்தேகம் வந்தது. வீட்டில் ஏணி ஒன்றுதான்.

பிரியாணி அண்டாவுக்கும் கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கும் நடுவில் அப்பா உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமைச் சட்டை. முகத்தில் மட்டும் வெளிச்சம் விழுந்தது. சட்டைக் காலரில் ஒரு குட்டி மைக்.

“வாங்க” என்றார். “இந்தத் தொடர்ல வேலை பார்த்தது ரொம்ப நல்ல அனுபவங்க. எல்லாரும் ஒரு குடும்பமாவே பழகினோம்.”

“அப்பா, நான் ஜெசி.”

“அவங்களும் நல்லா ஒத்துழைச்சாங்க.”

“சாப்டீங்களாப்பா?”

“சாப்டேன்.”

கீழேயிருந்து தணிகாசலம் சார் குரல் கொடுத்தார். “அது ஏற்கெனவே இருக்கு பாப்பா. தினமும் இருக்கு. சேராது. இடுப்புக்கு வந்துட்டேன்.”

ஜெசிந்தா வேறு கேள்வி தேடினாள். ஒரே ஒரு கேள்வி இருந்தது. அது வியாழக்கிழமையிலிருந்தே இருந்தது. அதைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. பதில் வந்தால் எந்த ஃபோல்டரில் வைப்பது என்று தெரியவில்லை.

“அன்னிக்கு ஏன்ப்பா மத்தியானமே வந்துட்டீங்க?”

வெளிச்சம் அணைந்தது. அப்பா மைக்கைக் கழற்றி அண்டாவுக்குள் போட்டார்.

“பேண்ட் பிட்டு செக்‌ஷனை எடுத்துட்டாங்கம்மா” என்றார். இது அவருடைய சொந்தக் குரல். “என்னை வாசல்ல துணி போட்ட பொம்மைக்குப் பக்கத்துல நிக்கச் சொன்னாங்க. நின்னேன். வர்றவங்களுக்கு வணக்கம் சொன்னேன். ஒரு அம்மா என் சட்டையைத் தொட்டுப் பார்த்து, இதே கலர்ல பெரிய சைஸ் இருக்கான்னு பொம்மைகிட்ட கேட்டாங்க.”

“பொம்மை என்ன சொல்லுச்சு?”

“ஸ்டாக் இல்லைன்னுச்சு. முதலாளிக்குப் பொம்மையைப் பிடிச்சுப்போச்சு. நீங்க கிளம்புங்க லூர்து, பொம்மையே போதும்னுட்டாரு.”

அவர் பேசிக்கொண்டே போனார். கடையிலிருந்து நடந்தே வந்தது, வழியில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது, ஏறச் சொன்ன கண்டக்டரிடம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னது எல்லாவற்றையும் சொன்னார். கீழே தணிகாசலம் சார் “கழுத்து” என்றார்.

“வீட்டுக்கு வந்தேன். நீ மேசையில எழுதிக்கிட்டு இருந்தே. நிமிர்ந்து பார்த்தே. மறுபடி குனிஞ்சு எழுத ஆரம்பிச்சுட்டே.”

“ஆமாப்பா.”

“என்னத்தை எழுதினே?”

“அப்பா சீக்கிரம் வந்தார்னு எழுதினேன்.”

அப்பா சிரித்தார். இந்த முறை வேறு யாரும் சிரிக்கவில்லை.

இறங்கும்போது ஏணிக்கு நாலு படிதான் இருந்தது. தணிகாசலம் சாரின் நெற்றி பச்சையாகிவிட்டிருந்தது. “இருபத்திரண்டு நிமிஷம். செல்லும்” என்றார். ஜெசிந்தா அப்பாவின் எபிசோடை சீசன் ஃபோல்டருக்கு மாற்றினாள். எண்ணை மூன்று முறை சரிபார்த்தாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி கிரீச்சிட்டது. அவளுக்கு உயிர் வந்தது.

உச்சந்தலையும் பச்சையானது. தணிகாசலம் சார் பழைய நிறத்துக்கு வந்து எழுந்து நின்றார்.

“வசனம் குளறினதை எல்லாம் அழிச்சாச்சு. உன் இருபது நிமிஷக் கணக்கையும் எல்லாருக்கும் போட்டாச்சு. அதுல புதுசா மேல போனதை நாளைக்கு வந்து அழிக்கிறேன். மோர் நல்லா இருந்துச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு.”

கதவு சாத்திக்கொண்டது.

“ரோஸு, மோர் இன்னும் இருக்கா?” என்று அப்பா சமையலறையைப் பார்த்துக் கேட்டார்.

சமையலறையில் யாரும் இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா ஓடிப்போய் அணைத்தாள்.

“இருக்கு” என்று பரணிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வந்தது. “இந்தத் தொடர்ல சமையல் பார்த்தது ரொம்ப நல்ல அனுபவங்க.”

ஜெசிந்தா பெட்டியைத் திறந்து பார்த்தாள். அம்மாவின் எபிசோடுகள் சீசன் ஒன்றிலிருந்தே எதுவும் நான்கு நிமிடத்தைத் தாண்டவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து, எல்லோரும் படுத்தபின் படுக்கிறவள். நீளமாகத்தான் இருக்கும் என்று அவள் அளந்தே பார்த்ததில்லை.

“உங்க மனைவிகிட்ட எந்த நாளைப் பத்திக் கேட்கிறது?” என்று அப்பாவிடம் கேட்டாள். கேட்ட பிறகுதான், தான் ‘அம்மா’ என்று சொல்லவில்லை என்பது உறைத்தது. பேட்டி எடுக்கிறவள் போலக் கேட்டுவிட்டாள்.

அப்பா நெடுநேரம் யோசித்தார். அவர் யோசித்தது பெட்டியில் பதிவாகவில்லை.

“தெரியலையேம்மா” என்றார்.

அவள் மேசைக்குப் போய்ப் பேனாவைத் திறந்தாள்.

நாளை: வகுப்புக்குப் போக வேண்டாம். தணிகாசலம் சார் வருவதற்குள் அம்மாவிடம் பேச வேண்டும். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கக் கூடாது. ஏணியை மடக்காமல் அங்கேயே விட வேண்டும்.