பூந்தமல்லி சிக்னலில் தூக்கிய கை

டீக்கடை வாசலில் ஷவுகத் அலி, அவருடைய மைத்துனர் ஜாகிர், கடைக்காரர் துலுக்கானம். பூந்தமல்லி சிக்னலில் இடப்பக்கம் திரும்பக் காத்திருந்த குட்டியானை லோடு வண்டியில் ஷவுகத் அலியின் மகன் வசீம். சாலையோரம், ஐ.டி. கம்பெனிக்குப் போய்வரும் சுவேதா. இந்த விஷயத்தில் சம்பந்தப்பட்டவர்கள் இவர்கள்தான். மற்றவர்கள் எல்லாம் பார்த்ததாகப் பிறகு சொன்னவர்கள்.

ஒரு வாரமாகவே பேச்சு. அந்தத் திருப்பத்தில் ஒருத்தி தினமும் கையைத் தூக்குகிறாளாம். பச்சை விழுந்தும் வசீம் வண்டியை நிறுத்தி அவளையே பார்க்கிறானாம். ஜாகிரின் மகள் மஹீராவை வசீமுக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஜாகிர் இப்போது நிக்காஹ் தேதி சொல்லாமல் இழுத்தார்.

"கண்ணால பார்த்துட்டுப் பேசு" என்று அவரை அழைத்து வந்தது ஷவுகத் அலிதான். ஆனால் அவர் நெஞ்சிலும் முள் இருந்தது. பையன் சில நாளாக வாசனை எண்ணெய் தடவுகிறான், பாட்டு முணுமுணுக்கிறான்.

பச்சை விழுந்தது. வசீம் வண்டியைத் திருப்பினான். அதே பச்சைக்குப் பஸ் ஸ்டாண்டுக் கூட்டமும் குறுக்கே இறங்கியது. முன்னால் வந்த சுவேதா கையைத் தூக்கினாள். வண்டி நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"பார்த்தீங்களா மச்சான்? அது கை காட்டுது, இவன் நிக்கிறான்" என்றார் ஜாகிர்.

"அது எல்லா வண்டிக்கும்தான் காட்டுது பாய்" என்றார் துலுக்கானம், டீயை ஆற்றியபடி. "கை காட்டாம இங்க எவன் ரோட்டைத் தாண்டுறான்? நிக்கத்தான் ஆளில்ல. உம் புள்ள ஒருத்தன் நின்னு, பின்னாடி கீறவன்கிட்ட திட்டு வாங்கிகினு கீறான்."

ஷவுகத் அலி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பேச்சு கிளம்பியதே இந்தக் கடையில்தானோ?

சுவேதா மறுபக்கம் போய்ச் சேர்ந்தாள். வண்டி மெல்ல நகர்ந்தது.

"அவ போயிட்டா. இப்ப நிக்கிறானா பார்ப்போம்" என்று ஷவுகத் அலி சாலையில் இறங்கினார். யாரிடமும் கை நீட்டிப் பழகாதவர், நிமிர்ந்தே நடந்தார். வண்டிகளுக்கு நடுவே கிடைத்த சந்தில் புகுந்த ஷேர் ஆட்டோ ஒன்று அவர் ஜிப்பாவை உரசிப் பறந்தது. அவரை அறியாமலே கை மேலே போனது.

குட்டியானை குலுங்கி நின்றது. வசீம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் கூடையோடு தடுமாறி வந்த ஒரு கிழவியின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா நைனா, ரோட்டுலயே குடித்தனம் பண்றியா?" பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்போதுதான் வசீம் நிமிர்ந்தான். "அத்தா! நீங்களா?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

மறுபக்கம் ஏறியதும், பின்னாலேயே ஓடிவந்த ஜாகிர் மூச்சு வாங்கினார். "வெள்ளிக்கிழமை ஜும்மா முடிச்சு வர்றேன் மச்சான், தேதி வச்சிடலாம். கையை இறக்குங்க, ரோடு முடிஞ்சிடுச்சு."

ஷவுகத் அலி நடுரோட்டில் வண்டியை மறித்து, மகனை அறையக் கை ஓங்கினார் என்று மறுநாள் ஊரெல்லாம் பேச்சு. அவர் யாரையும் மறிக்கவில்லை, அறையவும் போகவில்லை. ரோட்டைத் தாண்டினார், அவ்வளவுதான்.