சேமக்காலை இல்லாத ஊர்

என் மனிசன் மடுத்தீன் வேலை செய்கிற பலசரக்குக் கடைப் பக்கம் சனிக்கிழமைகளில் நான் போவதில்லை. கூட்டம் நெரியும். அன்று போனேன். டெக்சாஸில் இருக்கிற அவருடைய தம்பி யேசுரட்ணம் பகல் இரண்டு மணிக்குப் போன் எடுப்பான். அங்கே குடிபெயர்ந்து வருகிறோம், வரவில்லை என்று இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் பதில் வரவில்லை என்பது. அதை வீட்டில் வைத்துச் சொன்னால் இந்த மனிசன் வாயைத் திறக்காமல் பல்கனிக்குப் போய்விடும். சாப்பாட்டுக் கடையில் தோசைக்கு முன்னால் இருத்திவைத்துச் சொன்னால் எழும்பிப் போக வழியில்லை. இருபத்தைந்து வருசம் குடும்பம் நடத்தியதில் இந்தளவு தந்திரமாவது வரவேண்டுமே.

பாரிஸ் கார் து நோர் ஸ்டேசனில் இறங்கினால், கடை இருக்கிற ரூ பெர்தொனே தெருவுக்கு ஐந்து நிமிட நடை. எனக்கு இருபது நிமிடம் பிடித்தது. நகைக்கடை வாசலில் லூசியா அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "இரண்டாம் வருசம் வருதெல்லே பிள்ளை, பூசை எங்கை குடுக்கிறியள்?" எங்கள் கிங்ஸ்டன் இருபது வயதில், மழைக்குள் மோட்டோ சைக்கிளில் போய், நாங்கள் இருக்கிற பொண்டியில் லொறியோடு மோதிச் செத்தான். ஒரே பிள்ளை. இந்தத் தெருவில் அது தெரியாத ஆள் இல்லை. நல்ல சனம்தான், ஒரு மாதம் சமைத்துக் கொண்டுவந்து தந்த சனம். ஆனால் என்னைக் கண்டதும் சிரிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது பழகிவிட்டது. இவருக்குப் பழகவில்லை என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

தம்பி போன காலத்தில் வில்டன் க்ரீக் என்ற அந்த ஊரில் ஒரு சிக்னல் விளக்கும் ஒரு பெற்றோல் செட்டும் மாடுகளும்தான் இருந்தனவாம். ஆறு வருசத்தில் நாற்பதாயிரம் பேர். பக்கத்தில் ஏதோ பெரிய தொழிற்சாலை வந்ததாம். ஒரு பள்ளிக்கூடம் திறக்கிற கிழமையே அடுத்ததற்கு அத்திவாரம் வெட்டுகிறார்கள். தம்பியின் தெரு, போனில் இருக்கிற வரைபடத்தில் இன்னும் புல்வெளி. எங்கள் சாமான் வாங்க ஒன்றரை மணித்தியாலம் கார் ஓட வேண்டுமென்பதால் அவனே கடை போடுகிறான், நம்பிக்கையான ஆள் தேவை. இவர் சித்திரையில் மூன்று கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதன்பிறகு குளியலறைக் குழாய் திருத்தும்போதும் அந்த ஊர்க் கதைதான்.

தோசை வந்ததும் தொடங்கினேன்.

"நான் வரேல்லை. கார் ஓடத் தெரியாத மனிசன் நீங்கள், ஐம்பத்திரண்டு வயசிலை பழகி டிரைவிங் பெர்மி எடுக்கப் போறியளோ? அங்கை கோயில் கட்டி முடியேல்லை, பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்திலையாம் பூசை. சேமக்காலையே இல்லை எண்டு உங்கடை தம்பிதான் சொன்னவன்."

சேமக்காலை என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். கிங்ஸ்டனைப் புதைத்த சேமக்காலைக்கு ஒவ்வொரு ஞாயிறும் போகிறவள் நான். அவனைத் தனியே விட்டுவிட்டு என்னால் எங்கேயும் போக முடியாது.

இவர் தோசையைப் பிய்த்தார், சாப்பிடவில்லை. "உம்மட்டை ஒரு விசயம் சொல்லேல்லை" என்றார்.

அங்கே போன இரண்டாம் நாள் காலை பாண் வாங்கவென்று நடந்து போயிருக்கிறார். பாரிஸ் பழக்கம். ஒரு மணித்தியாலம் நடந்தும் கடையைக் காணவில்லை. நடைபாதை ஓரிடத்தில் முடிந்து சேறு தொடங்கியதாம். திரும்பி வந்தால் எல்லா வீடும் ஒரே சாம்பல் நிறம், பலவற்றுக்கு இலக்கமும் ஒட்டவில்லை. தம்பி வீட்டில் அன்று செபக்கூட்டம். வாசலில் செருப்புக் குவிந்து கிடந்த ஒரு வீட்டைக் கண்டு, தன் சப்பாத்தையும் கழற்றிவிட்டு உள்ளே போய் இருந்துவிட்டார். பொண்டியில் எங்கள் மாடிக் கட்டடத்தில் தமிழ் வீட்டை அப்படித்தான் கண்டுபிடிப்போம், ஒருநாளும் பிழைத்ததில்லை. அங்கே பிழைத்துவிட்டது. அது ஒரு தெலுங்குக் குடும்பம் புதுவீடு குடிபுகுந்த விசேசம்.

"சுவரிலை வெங்கடாசலபதி படத்தைப் பாத்தாப்பிறகுதான் விளங்கினது."

"எழும்பி வந்திருக்கலாமே!"

"சாப்பாடு தந்திட்டினம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஒருத்தரும் நீ ஆர் எண்டு கேக்கேல்லை, பியட்றிஸ். எல்லாம் போன வருசமும் போன மாசமும் வந்த சனம். ஆளையாள் தெரியாது. பக்கத்திலை ஒரு கோயம்புத்தூர்க்காரன் இருந்தவன். 'உங்களுக்கு எத்தனை பசங்க சார்?' எண்டு கேட்டான்." தண்ணீரைக் குடித்தார். "ஒரு பெடியன் எண்டனான். இருபத்திரண்டு வயசு எண்டனான்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யாரோ வீட்டுச் சோற்றைத் தின்றபடி, எங்கள் பிள்ளையை வைத்துப் பொய் சொல்லியிருக்கிறார்.

"இருபது நிமிசம் அவனைப் பற்றிக் கதைச்சனான். அந்த ஆள் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டு இருந்தவன். இஞ்சை ஆரோடை அப்பிடிக் கதைக்கிறது? பேரைச் சொன்னவுடனை குரலைத் தாழ்த்திப்போடுதுகள்."

தேத்தண்ணி ஆறி ஆடை படிந்திருந்தது. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"என்ன செய்யிறான் எண்டு சொன்னனீங்கள்?"

"கரண்ட் வேலை. படிப்பு முடிச்சு, போன மாசந்தான் சேந்தவன்."

"வேலைக்கு எதிலை போறானாம்?"

"ட்ரெயினிலை" என்றார். "மோட்டோவை வித்துப்போட்டான்."

பரிமாறுகிறவர் வந்து, போதுமா அண்ணை என்று கேட்டு, இவர் தட்டைப் பார்த்துவிட்டு எடுக்காமல் போனார்.

இரண்டு மணிக்குத் தம்பி வீடியோவில் வந்தான். நான்தான் எடுத்தேன். அங்கே காலை ஏழு மணி, முகத்தில் வெயில் அடித்தது.

"அண்ணி, முடிவைப் பிறகு சொல்லுங்கோ. முதல் இதைப் பாருங்கோ. போன மாசம் வெறும் புல்லு" என்று போனை எதிர்க் காணிப் பக்கம் திருப்பினான்.

மரச்சட்டங்களால் ஒரு வீடு எழும்பி நின்றது. கூரை போட்டாயிற்று, சுவர் இன்னும் இல்லை, ஒரு பக்கத்தால் பார்த்தால் மறுபக்கத்துப் புல் தெரிந்தது. மடுத்தீன் கதிரையை இழுத்து என் தோளோடு ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். தலைக்கவசம் போட்ட கரண்ட் வேலைப் பெடியன் ஒருவன் வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தான். முகம் தெரியவில்லை.

"அசையாமல் பிடியும் தம்பி" என்றேன்.

அந்தப் பெடியன் எந்தச் சட்டத்துக்கு நடுவாலும் உள்ளே போயிருக்கலாம். சுற்றிக்கொண்டு வந்து, கதவில்லாத வாசல் நிலைக்கு முன்னால் நின்று, காலில் இருந்த சேற்றைப் படியில் தேய்த்துவிட்டு, வாசலால் உள்ளே போனான்.