திங்கட்கிழமைக்குத் தள்ளிய தேதி

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவளுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடி அறைக்குள் உட்காருவாள், எழுந்திருப்பாள், துடைத்த மைக்கையே மறுபடி துடைப்பாள்.

பதினான்கு வருஷத்துக்கு முன் இதே தேதியில், காலை பத்து பத்துக்கு, உரத் தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்தது. செத்த பதினேழு பேரில் அவள் தம்பியும் ஒருவன். அந்தத் தேதியை நகரத்துக்கே விடுமுறையாக்கினார்கள். முதல் இரண்டு வருஷம் சங்கு ஊதியது, ஊரே நின்றது. அப்புறம் சங்கு ஓய்ந்தது, கடைகளில் தள்ளுபடி முளைத்தது. இந்த வருஷம் தேதி வியாழக்கிழமை விழவே, விடுமுறையைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள்.

"சேர்ந்தாப்ல மூணு நாள் லீவும்மா!" என்று முந்தின நாள் மகள் குதித்தாள்.

"எதுக்கு லீவுன்னு தெரியுமாடி?"

"மாமாவுக்காக..." அவள் குரல் இறங்கிற்று. "நான்தான் அவரப் பார்த்ததே இல்லையேம்மா."

குழந்தையைக் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் இவளை இன்னும் அரித்தது.

காலையில் கண்காணிப்பாளரிடம், தொழிற்சாலை வாசல் வரை போய்வர அரைமணி அனுமதி கேட்டாள்.

"அதான் திங்கக்கிழமை லீவு விட்டிருக்காங்களே. அன்னிக்கு நினைச்சுக்குங்க."

"அவன் செத்ததை யாரும் தள்ளி வைக்கலையே சார்."

அவர் காதில் வாங்காமல் கோப்பைப் புரட்டினார்.

பத்து பத்துக்கு ஏழாம் எண் பேருந்தை அறிவிக்க வேண்டும். மைக்கைப் போட்டாள். "இன்னைக்குத்தான் அந்த நாள்" என்றாள். பதினேழு பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஓட்டுநர்கள் எட்டிப் பார்த்தார்கள். தம்பி பெயரையும் சேர்த்துப் பதினாறு வந்தது. பதினேழாவது வரவில்லை. மூளையைக் கசக்கிப் பிழிந்தாலும் வரவில்லை. ஊரெல்லாம் மறந்துவிட்டதென்று புலம்பியவளுக்கு இப்போது தன் மேலேயே எரிச்சல் வந்தது.

நான்காம் நடைமேடையிலிருந்து ஒரு பெண் ஒரு பெயரைக் கத்தினாள். விட்டுப்போன அந்தப் பெயர்தான். இவள் அதை மைக்கில் சொன்னாள்.

கண்காணிப்பாளர் கதவைத் தட்டுவதற்குள் வெளியே ஓடினாள். பையும் குடையுமாக நின்றிருந்தாள் அந்தப் பெண்.

"அது எங்க வீட்டுக்காரர்."

"மன்னிச்சுடுங்கக்கா. எப்படி விட்டுப்போச்சுன்னே தெரியல."

"விடும்மா. போன வருஷம் எனக்கே சாயங்காலம்தான் ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு வீட்ல கல்யாணப் பேச்சு. அந்தக் குறுகுறுப்புலதான் இந்த வாட்டி ஃபேக்டரி வாசலுக்குப் போகணும்னு விடியறதுக்குள்ள ஊர்ல இருந்து கெளம்பி வந்தேன்."

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஏழாம் எண் பேருந்து ஹாரன் அடித்தது.

விளக்கம் கேட்டு அலுவலகத்தில் கடிதம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள். அன்று மாலை செருப்பைக் கூடக் கழற்றாமல் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள். எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

"உங்க மாமா இருக்கானே, சரியான வாயாடி" என்று ஆரம்பித்தாள்.