பளிங்குச் சிலையும் அழகம்மாளும்

திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டு முகப்பில் வெள்ளைப் பளிங்குச் சிலை நின்றது. கிரேக்க தேவதை. வீட்டுப் பெரியவர் இத்தாலியிலிருந்து கப்பலில் வரவழைத்தது. வருகிறவர்கள் எல்லாம் மூத்த மருமகள் நாச்சம்மையைப் பார்த்து, “அதுக்கு உசிர் வந்தாப்புல இருக்கீங்க” என்பார்கள். பினாங்கு கான்வென்டில் படித்த சிவப்பு நிறக்காரி அவள். இளையவள் அழகம்மாள் நல்ல கறுப்பு. பேருக்குத்தான் அழகு என்று உறவில் கேலி.

1960-இல் சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்க்க லெனோரா என்ற அமெரிக்க ஓவியக்காரி வந்து அந்த வீட்டில் தங்கினாள். வெள்ளைக்காரியை எதிர்பார்த்து நின்ற நாச்சம்மைக்கு, காரிலிருந்து இறங்கிய நீக்ரோப் பெண்ணைக் கண்டதும் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் வீட்டில் இங்கிலீஷ் பேசுகிறவள் நாச்சம்மை ஒருத்திதான்; யார் என்ன பேசினாலும் அவள்தான் மாற்றிச் சொல்லவேண்டும்.

சிலையைப் பார்த்து லெனோரா சிரித்தாள். “ஓவியப் பள்ளியில் இவளைத்தான் வருஷக்கணக்காக வரையச் சொன்னார்கள். இதுதான் அழகு என்றார்கள். என் அம்மா சாயலில் ஒரு முகத்தைக்கூட அங்கே காட்டவில்லை.”

அப்போது அழகம்மாள் காபி கொண்டுவந்தாள். லெனோரா கண்ணை எடுக்கவில்லை. “இவரை இந்தச் சிலை நிற்கிற மாதிரியே நிற்கவைத்து வரையணும். கேளுங்களேன்.”

நாச்சம்மை அழகம்மாள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

“ஒன்னைய அங்கிட்டுப் போகச் சொல்றாக. வெளிச்சத்தை மறைக்கிறியாம்.”

அழகம்மாள் தலைகுனிந்து உள்ளே போனாள்.

“கூச்சப்படுகிறாள், மாட்டாளாம்” என்று நாச்சம்மை இங்கிலீஷில் சொன்னாள். “வேண்டுமானால் நான் நிற்கிறேன்.”

லெனோரா சிலையைக் காட்டினாள். “உங்களைத்தான் நிறைய வரைந்துவிட்டேனே.”

அன்றிரவு நாச்சம்மை சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் லெனோரா நேரே அடுப்படிக்குப் போய் ஒரு தாளை நீட்டினாள். நினைவிலிருந்தே வரைந்திருந்தாள். அழகம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

“ஆச்சி, இது நானா?”

அடுப்படியில் நின்ற நாச்சம்மை பால் சட்டியை இறக்கிவைத்தாள்.

“போகச் சொன்னவுக எதுக்கு என்னைய வரையிறாக?”

நாச்சம்மை இறக்கிய சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். அழகம்மாள் ஓரகத்தியின் முகத்தையே பார்த்தாள். பிறகு கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு முகப்புக்குப் போனாள்.

ஊருக்குக் கிளம்பும்வரை லெனோரா அவளை வரைந்தாள். இருவருக்கும் கைச்சாடைதான் பாஷை. அவர்கள் சிரிக்கும் சத்தம் வீட்டின் உள்ளே ரெண்டாங்கட்டு வரை கேட்டது. நாச்சம்மை காரணமில்லாமல் வேலைக்காரியைத் திட்டினாள். படம் முடிந்ததும் ஒருமுறை திருட்டுத்தனமாகப் போய்ப் பார்த்தாள். சிலையின் அதே நிலைதான். ஆனால் சிலை நிற்கிறது, இவள் ஆள்கிறாள் என்று தோன்றியது. அதை ஒப்புக்கொள்ள நேர்ந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

விடைபெறும்போது லெனோரா அழகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். நாச்சம்மை தமிழில் சொல்ல வாயெடுத்தாள்.

“வேணாம் ஆச்சி. எனக்கே வெளங்கிருச்சு” என்றாள் அழகம்மாள்.

கார் போனதும் அவள் புருஷனிடம், “எனக்கு இங்கிலீஷ் சொல்லித்தர ஒரு டீச்சரம்மா பாருங்க” என்றாள். புதுக்கோட்டையிலிருந்து டீச்சர் வர ஆரம்பித்தார். பாடம் நடக்கும் நேரத்தில் நாச்சம்மை அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.